கரையாமல் தேங்கியது

சூலூர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் பூஜிதாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருக்கு முழங்கால் வலிதான் விடவில்லை. டப்ளினில் குளிர் குறைந்திருக்கும், நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் என்றால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன். இது பாதியில் நிற்கக் கூடாது.

உனக்கு முன் பிறந்த அண்ணன் தேஜா காய்ச்சலில் போனான் என்று சொல்லியிருந்தோம். காய்ச்சல் இல்லை. ஐந்தாம் மாதம் தொடங்கியது. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப்போட்டதுபோல் திடுக்கிடுவான். மற்றக் குழந்தைகளுக்குப் பழகிவிடும், இவனுக்குப் பழகவில்லை. அப்பா எட்டுத் தறியையும் நிறுத்தினார். பிள்ளை தூங்கத் தறியை நிறுத்தின மகராசன் என்று தெருவில் சிரித்தார்கள். உட்காரப் பழகியவன் சாய்ந்தான். பார்வை போனது. இரண்டரை வயதில் அவனே போனான். அதற்கு முன்பே கோவையில் டாக்டர் அவன் கண்ணுக்குள் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் செல்லை வரைந்தார். நடுவே உட்கரு. அதிலுள்ள செய்தியின் நகலைப் படித்து ரைபோசோம் நொதியைச் செய்யுமாம், கால்ஜி என்ற பகுதி அதைப் பொதிந்து அனுப்புமாம். ஓரத்தில் லைசோசோம் என்று சின்னப் பைகள், செல்லின் கழிவை அந்த நொதிகள் அங்கேதான் கரைக்கும். இவனுக்கு ஒரு நொதி இல்லை. ஒரு வகைக் கொழுப்பு கரையாமல் மூளைச் செல்களில் தேங்குகிறது. தறிக்கூடத்தில் பஞ்சுத்தூசி கூட்டாமல் கிடக்கிற மாதிரியா என்று கேட்டேன். ஆமாங்கம்மா, ஆனா இங்க கூட்டற ஆளு என்னிக்குமே வரமாட்டாருங்க என்றார்.

பை சரி, வழியும் சரி. செய்தியில்தான் பிழை. எனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. அவர் எனக்கு அத்தை மகன், ஒரே வீட்டிலிருந்து இரண்டு பக்கமும் வந்திருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் தெரியாது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய்.

நீ வயிற்றில் இருந்தபோது சோதிக்கலாம் என்றார்கள். பயத்தில் நான் சோதனைக்குப் போகவில்லை. நீ பிறந்தபின் தினமும் உன் பின்னால் நின்று கை தட்டினேன். முதல் தட்டலுக்குத் திடுக்கிடுவாய், ஐந்தாவதற்குச் சிரிப்பாய். ஒரு வருடம் தட்டினேன். இன்றும் கரண்ட் போய்த் தறிகள் நின்றால் நானும் அப்பாவும் ஒரே மூலையைப் பார்க்கிறோம். தொட்டில் இருந்த இடம்.

போன மாதம் என் அண்ணன், உன் வேங்கடசாமி மாமா, தன் மகன் ரவிதேஜாவுக்கு உன்னைக் கேட்டு வந்தார். உங்கள் இரண்டு பேருக்கும் விருப்பம் என்று எனக்குத் தெரியும். தேஜா போன மறுவருடம் பிறந்தவனுக்கு மாமா அவன் நினைவாகவே அந்தப் பெயரை வைத்தார். அவனைக் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்புவதுபோல் இருக்கிறது எனக்கு. தேதி குறிக்கும் முன் இருவருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். ஏம்மணி, பம்பு செட்ட டெஸ்ட் பண்றாப்பல, என்ற பையன டெஸ்ட் பண்ணோணுமா, நம்ம ஊட்டு ரத்தத்துல குறைன்னு நீயே ஊருக்குச் சொல்லுவியாட்ட என்று எழுந்து போய்விட்டார். காப்பியைத் தொடவில்லை. பிறகு வரவும் இல்லை.

ரவிதேஜா வீட்டில் சொல்லாமல் கோவை போய் ரத்தம் கொடுத்திருக்கிறான். நேற்று முடிவைக் கொண்டுவந்து காட்டினான். அவனுக்கும் அதே பிழை ஒன்று இருக்கிறது. உனக்கும் இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. கருவிலேயே சோதிக்க வழி உண்டு. கல்யாணமே வேண்டாம் என்றாலும் சரி. நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும், நான் எந்தப் பக்கமும் இழுக்க மாட்டேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, அத்தை, அவ ரத்தம் குடுக்கற வரைக்கும் என்ற முடிவச் சொல்லீராதீங்க, பயந்துபோட்டு வேண்டாம்னுருவா என்றான். சரி கண்ணு என்றேன். அவனிடம் பொய் சொன்னேன். உன்னிடம் முப்பது வருடமாகச் சொன்னது போதும்.

நோயில்லாமல் நீண்ட நாள் இரு, அம்மணி. டாக்டர் வரைந்த தாளையும் ரவியின் முடிவின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன், அங்கே டாக்டரிடம் காட்டு. இது கிடைத்த மறுநாளே போ.

உன் அம்மா
வெங்கடம்மாள்