புல்லுக்காரிகள் இல்லாத குதிரைப்படை

என் உயிர் மச்சான் ஞானராஜுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அங்கே உனக்கு ரத்தக்கொதிப்பு வராது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரத்தில் உன் குதிரைப்படைக்கு நடந்த அவமானத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

உன் ஈயப் பொம்மைகளை உன் பொம்மைப் போர் ஆட்டக் கிளப்புக்கு இரவல் கொடுத்திருந்தோம். கடற்கரை ரிசார்ட் ஒன்றில் கண்காட்சி, மேஜைமேல் போர் ஆட்டம். அது முடிந்ததும் கண்ணாடி அலமாரியில் நிரந்தரமாக வைத்து, உன் பேரைப் பொறித்துத் தகடு மாட்டுவதாகச் சொன்னார்கள். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி ஸ்டெல்லா, அந்தத் தகட்டுக்காகவே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உன் குதிரை வீரர்கள் இருபது பேரும் வரிசையாக நின்றார்கள். நீலம் கலந்த சாம்பல் சட்டை, வெள்ளிச் சரிகை. அந்தச் சாம்பல் சரியாக வருவதற்குக் கூடுவாஞ்சேரி வீட்டில் எத்தனை பாட்டில் மூடிகளில் பெயின்ட் கலக்கிப் பார்த்தாய்! ஜனங்கள் குனிந்து குனிந்து போட்டோ எடுத்தார்கள். எனக்கே பெருமை தாங்கவில்லை.

அப்புறம்தான் மேஜையின் அடுத்த மூலையைப் பார்த்தேன். அட்டைக் குடிசைகள், பஞ்சில் செய்த புகை. எரியும் கிராமமாம். அதிலிருந்து உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்களாக உன் புல்லுக்காரிப் பொம்மைகளை நிறுத்தியிருந்தார்கள்! பின்னால் துரத்தி வந்தது யார் தெரியுமா? வரிசையாக நின்ற அதே உன் குதிரைகள். எந்தக் குதிரைக்குப் புல் சுமந்தார்களோ, அதே குதிரைகள்.

உனக்குத் தெரிந்த கதைதான், இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் குதிரைப்படையில் ஒவ்வொரு குதிரைக்கும் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டிப் பராமரிக்க ஒரு குதிரைக்காரன் உண்டு, புல் செதுக்கிச் சுமந்து வர இன்னோர் ஆள் உண்டு. அந்த இன்னோர் ஆள் பெரும்பாலும் குதிரைக்காரனின் மனைவி. படை போன ஊருக்கெல்லாம் அவளும் நடந்தே போனாள். வீரனின் பித்தானுக்குக்கூடப் புத்தகத்தில் படம் இருக்கிறது, அவள் என்ன கட்டியிருந்தாள் என்று ஒரு வரி இல்லை. கடையில் அவள் பொம்மையும் கிடைக்காது. நீதான் குடம் சுமக்கிற பெண் பொம்மைகளை வாங்கி, குடத்தை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, தேங்காய் நாரை நறுக்கிப் பச்சை அடித்துப் புல்கட்டாக ஒட்டினாய். “யூனிஃபார்ம்தான் குடுக்கல இல்ல, அவுங்களுக்குப் புடிச்சத கட்டிக்கட்டும்” என்று இருபது பேருக்கும் இருபது நிறத்தில் புடவை தீட்டினாய்.

புல்லுக்காரி கூடவே வராத குதிரை அடுத்த சுற்றில் நகரக்கூடாது என்று நீயாக ஒரு விதி வேறு வைத்திருந்தாய். அந்தப் பாழாய்ப்போன விதியால் நான் தோற்ற ஆட்டங்கள் கொஞ்சமா? “இன்னா மச்சான் பேஜாரு, சண்டை போட வந்தமா, புல்லு அறுக்க வந்தமா?” என்று கத்துவேன். நீ அசையவே மாட்டாய். “நாஸ்தா துன்னாம நீ கடை தொறப்பியா? குதிரை மட்டும் துன்னாம ஓடணுமா?”

இதெல்லாம் மனதில் ஓட, பொறுப்பாளரிடம் போனேன். கண்ணாடி போட்ட ஐ.டி. கம்பெனி ஆள்.

“யாரக் கேட்டு இவுங்கள இங்க வச்ச? இவுங்க படைக்காரங்கய்யா!”

ஹாலே திரும்பிப் பார்த்தது. அவர் பதறிவிட்டார். “சார், ரூல் புக்ல இவங்களுக்குப் பாயிண்டே கிடையாது. யூனிஃபார்மும் இல்ல.”

பாயிண்ட் இல்லையாம்! யூனிஃபார்ம் கொடுக்காதது யார் குற்றம்? அச்சரப்பாக்கத்தில் அடுத்தவன் நிலத்தில் அறுத்துக் கட்டுச் சுமந்தவள் வயிற்றில் பிறந்தவர்கள் நானும் ஸ்டெல்லாவும். அந்த நெல் யார் பேரில் விளைந்ததாகச் சொன்னார்கள்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாம் முடிந்த பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்:

“சார், இந்தப் பொம்பளைங்க யாருன்னு நான் போன்ல கேட்டேனே. நீங்கதானே சொன்னீங்க?”

சொன்னேன், மச்சான். அன்றைக்குச் செங்கல்பட்டு கோர்ட் எதிரே என் ஜெராக்ஸ் கடையில் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். “அது சும்மா ஊரு ஜனங்கப்பா, எங்கனா ஓரமா வச்சிக்கோ” என்று போனை வைத்துவிட்டேன். ஐந்து வருஷம் உன்னோடு உட்கார்ந்து ஆடியவன் சொன்ன வார்த்தை அது. அவர்மேல் இருந்த கோபம் அப்படியே என்மேல் திரும்பியது, இன்னும் ஆறவில்லை.

ஸ்டெல்லா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு புல்லுக்காரியாக எடுத்து அவரவர் குதிரைக்குப் பின்னால் வைத்தாள். “பேரு போடணும்னா இப்பிடியே வச்சிப் போடுங்க. இல்லன்னா எங்க வூட்டுக்காரர் பேரே வாணாம்” என்றாள். கிளப் கமிட்டியைக் கேட்க வேண்டும் என்றார் அவர். “கேட்டுகினு வாங்க. அதுவரிக்கும் எங்க வூட்ல இருக்கட்டும்” என்று மொத்தப் படையையும் பெட்டியில் அடுக்கிவிட்டாள்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் கேட்டாள்: “ஏண்ணா, அவுரு செத்ததும் இவுங்க உனுக்கு ஊரு ஜனமா ஆயிட்டாங்களா?” பொம்மைப் பெட்டியை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டேன். நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

நேற்று கமிட்டியிலிருந்து போன் வந்தது. குதிரைகள் மட்டும் வந்தால் போதுமாம், புல்லுக்காரிகளுக்கு அலமாரியில் இடம் இல்லையாம். ஸ்டெல்லா முடியாது என்று சொல்லிவிட்டாள். உன் பேருக்குத் தகடு இல்லை, மச்சான். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். மன்னித்துக்கொள், அதற்குக் காரணம் நான்தான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி யார் கேட்டாலும், கடையில் எத்தனை பேர் நின்றாலும், ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டுச் சொல்வேன், இவர்களும் சேர்ந்ததுதான் படை என்று.

ஸ்டெல்லாவுக்கு அண்ணன், உன்னிடம் தோற்றே பழகிய உன் மச்சான்,
சாமுவேல்