ஏலக்காரியின் கடைவாய்ப் பல்

செப்டம்பர் 2, செவ்வாய்

மீன் ஏலக்கூடத்தில் இன்று எட்டுக் குவியல்தான். எங்கள் கடலில் பெரிய படகுகளுக்கு மீன்பிடித் தடை முடியும் வரை இப்படித்தான். சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருவதைக் கூவிக் காலத்தை ஓட்ட வேண்டும். கடைசிக் குவியலுக்கு “ஒரு தரம், ரெண்டு தரம்” வரை வந்துவிட்டேன். மூன்றாம் தரத்துக்கு வாயைத் திறந்தால் வலது கடைவாயில் யாரோ ஆணி அடிக்கிறார்கள். அப்படியே நின்றுவிட்டேன்.

தினமும் மீன் எடுக்க வரும் ஹோட்டல்காரர் விடுவாரா? “என்னம்மா, மூணாவது தரத்தை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா?” என்றார்.

“உங்ககிட்டதானே குடுத்து வச்சேன், அதையும் தொலைச்சுட்டீங்களா?” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உயிர் போய் உயிர் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஐஸ் லாரி ஓட்டுகிறவர் இல்லையா, எஞ்சினுக்குள் பார்ப்பது போலவே பார்த்தார். “உள்ள ஒண்ணு குறுக்க படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குதுடி. உன் தம்பி மாதிரி” என்றார். நாளைக்குப் பல் டாக்டர்.

செப்டம்பர் 3, புதன்

பிடுங்கியாயிற்று. ஞானப்பல்லாம் அது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு ஞானம் எப்படி நேராக முளைக்கும்? குறுக்கே முளைத்திருக்கிறது. எலும்பைக் கொஞ்சம் குடைந்துதான் எடுக்க முடிந்தது என்றார் டாக்டரம்மா.

தையல் போட்டு முடித்ததும் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார். கல்யாணத்துக்குக்கூட நான் அப்படி ஒரு கண்ணாடி போட்டதில்லை. பேனா மாதிரி ஒன்றைக் கன்னத்தின் மேல் வைத்தார். நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம். லேசராம். சுடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சூடும் இல்லை, குளிரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாலைந்து இடத்தில் வைத்து வைத்து எடுத்தார், அவ்வளவுதான்.

“இது புண்ணை ஆத்துறதுக்கு உதவும்மா. சிலருக்கு வீக்கமும் வலியும் சீக்கிரம் கொறையுது. சிலருக்குப் பெருசா வித்தியாசம் தெரியறதில்ல. உங்களுக்கு எப்படின்னு பாப்போம்” என்றார். நேர்மையான பெண். எங்கள் கூடத்தில் இப்படிப் பேசினால் ஒரு கூடை விற்காது.

வாயில் பஞ்சு. எப்போது கூவலாம் என்று கையாலேயே கேட்டேன். அவருக்குப் புரியவில்லை, வீட்டுக்காரர்தான் சொன்னார். “இருபதாம் தேதி பெரிய படகெல்லாம் வருது டாக்டர். அதுக்குள்ள இவ வாய் திறந்துடுமா?”

“பாக்கலாம்” என்றார் டாக்டரம்மா.

பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? பெரிய படகுகள் திரும்பும் நாளில் யார் கூவுகிறார்களோ, அடுத்த தடை வரை அவர்கள்தான் கூவ வேண்டும். எங்கள் கூடத்தில் எழுதாத சட்டம். பதினெட்டு வருஷமாக அந்த நாளில் நான்தான் கவிழ்த்த பெட்டியின் மேல் ஏறி நிற்கிறேன்.

அதுவரை எனக்குப் பதிலாக யார் தெரியுமா? சைலன்ஸர்! என் கொழுந்தனார் மனைவி. கூடத்தில் ஐஸ் உடைக்கிறாள். வீட்டுக்குள் அவள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, அதனால் நான் வைத்த பெயர். கண்காணிப்பாளர் மீசை அவளைத்தான் பெட்டி மேல் ஏறச் சொல்லியிருக்கிறார். (மீசைக்கு மீசை கிடையாது. வழித்துப் பத்து வருஷம் ஆகிறது. பெயரை வழிக்க யாரும் விடவில்லை.)

செப்டம்பர் 4, வியாழன்

கஞ்சி. ஆறின கஞ்சி. மறுபடியும் கஞ்சி. கன்னம் பன் மாதிரி உப்பிவிட்டது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

இரண்டாம் முறை வெளிச்சம். திரும்பி வரும்போது வீட்டுக்காரர், “டார்ச் அடிக்கறதுக்கு ஒரு டாக்டரா? நம்ம லாரி ஹெட்லைட்டைப் போட்டு முன்னால நிக்க வச்சா ஒரே நாள்ல வாய் பொளந்துக்கும்” என்றார். சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. இருபத்தைந்து வருஷமாக இந்த மனுஷனை நான்தான் கலாய்த்துக்கொண்டிருந்தேன். வாய் மூடியதும் சேர்த்து வைத்ததையெல்லாம் அவிழ்த்து விடுகிறார்.

ராத்திரி தெறிப்பு குறைந்திருக்கிறது. வெளிச்சத்தாலா, மாத்திரையாலா? யாருக்கு நன்றி சொல்ல? இரண்டுக்கும் ஆளுக்குப் பாதி.

செப்டம்பர் 6, சனி

“எப்படிக் கூவுறா?” என்று சைலன்ஸரைப் பற்றி வீட்டுக்காரரிடம் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்.

“நல்லாத்தான் கூவுறா” என்றார்.

சாப்பிடும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நல்லாக் கூவுறா என்றால் போதாதா? அந்தத் ‘தான்’ எதற்கு?

செப்டம்பர் 8, திங்கள்

மூன்றாம் முறை வெளிச்சம். வீக்கம் நன்றாக வடிந்துவிட்டது. கிளினிக்கிலிருந்து நேரே கூடத்துக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான். சத்தியமாகச் சும்மா.

வாங்குகிறவர்களின் பெஞ்சில் இடம் இருந்தது, உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை, எதிரே நின்றுதான் பழக்கம். சைலன்ஸர் பெட்டி மேல் நின்றாள். அவளா அது? எங்கே வைத்திருந்தாள் அந்தத் தொண்டையை? என் மாதிரி வேகம் இல்லை, கிண்டல் இல்லை. ஆனால் ஒவ்வொரு விலையும் கல்லில் வைத்தது போல் உட்காருகிறது. நான் வாயடைத்துப்போனேன். அடைக்க அதில் மிச்சம் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

கிளினிக்கில் கொடுத்த ஐஸ் துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். மத்திக் குவியல் வந்தது. விலை ஏறுகிறது, ஏறுகிறது, அவள் என்னையே பார்க்கிறாள். அக்கா பார்க்க வேண்டும் என்று பார்க்கிறாளாக்கும் என்று எனக்குப் பெருமை. “மூணு தரம்! அக்காவுக்கு!” என்றாள்.

எனக்கா?

எங்கள் கூடத்தில் வாங்குகிறவர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். காதைத் தொட்டால் கொஞ்சம் கூட்டுகிறார் என்று அர்த்தம். கன்னத்தில் கை வைத்தால் ஒரேயடியாகக் கூட்டுகிறார் என்று அர்த்தம். பதினெட்டு வருஷம் அந்தக் கைகளைப் பார்த்தே கூவியவள் நான். என் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை!

எழுந்து வேண்டாம் என்று கத்தினேன். கத்தியது எனக்கு மட்டும்தான் தெரியும். வெளியே “ம்ம்ம்” என்று மாடு கூப்பிட்ட மாதிரி வந்தது. கூடமே கொல்லென்று சிரித்தது. ஹோட்டல்காரர் பெஞ்சில் புரண்டார். “கன்னத்துல கைய வச்சா குடும்பத்துக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க. இன்னிக்குக் கண்ணால பாத்துட்டேன்!”

மீசை வந்தார். “ஏலம் ஏலம்தாம்மா. இது நீ பேசுற சட்டம்தானே?”

சைலன்ஸர் கீழே இறங்கி வந்து என் காதோடு சொன்னாள். “கோவிச்சுக்காதீங்கக்கா. ஆளைப் பாத்துக் கூவக் கூடாதுல்ல, கையைத்தானே பாக்கணும்.”

நானாக இருந்தால் சொந்தக்காரி என்று விட்டிருப்பேனா? விட்டிருக்க மாட்டேன். அதுதான் எனக்குக் கடுப்பு.

மெல்ல முடியாதவள் வீட்டில் மூன்று கூடை மத்தி.

செப்டம்பர் 9, செவ்வாய்

தெரு முழுக்க மத்தி வாசனை. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார் வீட்டுக்காரர். “எங்க வீட்டம்மா ஏலத்துல எடுத்தது, வாயைத் திறக்காமலே எடுத்தது” என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு கூவல்.

செப்டம்பர் 11, வியாழன்

தையல் பிரித்தார்கள். வலி இல்லை, வீக்கம் இல்லை. டாக்டரம்மா சந்தோஷமாக “வாயைத் திறங்க” என்றார். திறந்தேன். ஒன்றரை விரல். அவர் முகம் மாறியது.

“நான் சொன்ன பயிற்சி செஞ்சீங்களா? ஐஸ்குச்சியை அடுக்கி வச்சுத் திறக்கறது?”

செய்யவில்லை. குச்சிகள் அப்படியே உறையில் இருக்கின்றன. வலிதான் போய்விட்டதே, மிச்சத்தையும் வெளிச்சம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன். இழுத்தால் தையல் விட்டுவிடுமோ என்று பயம் வேறு.

“லைட் வலியைக் கொறைக்கும்மா. வாயை நீங்கதான் திறக்கணும். சும்மா விட்டா தசை இறுகிடும்.”

இன்னும் ஒரு முறை வெளிச்சம் வைத்தார். பொட்டு வெளிச்சத்தைப் பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: நீ உன் வேலையைச் செய்துவிட்டாய் ராசா, சோம்பேறி நான்தான்.

செப்டம்பர் 12, வெள்ளி

சாயங்காலம் சைலன்ஸர் வந்தாள். வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். குச்சிகளை எடுத்துக் கழுவி, பல்லுக்கு நடுவில் ஒவ்வொன்றாகச் செருகினாள்.

“இன்னும் ஒண்ணு.”

தலையை ஆட்டினேன்.

“ஆட்டாதீங்க, குச்சி விழுது. இன்னும் ஒண்ணு.”

இவளுக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஈறு இழுத்ததால்தான். அவள் துடைத்துவிட்டு அடுத்த குச்சியை எடுத்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மீசை வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாராம், இருபதாம் தேதி சைலன்ஸரே கூவட்டும் என்று. அக்காவுக்குப் பாவம் வாய் சரியில்லை, ஓய்வு எடுக்கட்டுமாம்.

பாவமாம்! யாருக்கு வேணும் அவர் பாவம்? மழையில நின்னு கூவல? காய்ச்சல்ல கூவல? ஒரு பல்லு போச்சுன்னா ஆளே போயிடுவாளா? வீட்டுக்காரர் “போகட்டும் விடுடி” என்கிறார். எப்படி விடறது? கூவலன்னா நான் யாரு? ஐஸ் உடைக்கவா போறது இந்த வயசுல —

போதும். படுக்கிறேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சைலன்ஸர் வந்தபோது போர்வையை இழுத்து மூடித் தூங்குவது போல் படுத்துக்கொண்டேன். அவள் போகவில்லை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“நீங்க தூங்கலன்னு தெரியும். தூங்கினா குறட்டை விடுவீங்க” என்றாள்.

போர்வைக்குள்ளிருந்து, “விடமாட்டேன்” என்றேன்.

அப்புறம் சொன்னாள். “அக்கா, எனக்கும் இருபதாம் தேதி கூவணும்னு ஆசையாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன். பெட்டி மேல ஏறினா எல்லாரும் என்னைப் பாக்கறாங்க, கல்யாணமாகி வந்த நாள்லேருந்து யாரும் அப்படிப் பாத்ததில்ல. அதுக்காக உங்க வாய் மூடியே இருக்கணும்னு இல்ல. எந்திரிங்க.”

எழுந்தேன். வேறென்ன செய்ய? குச்சி வைத்தாள். கடைசியில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

செப்டம்பர் 17, புதன்

இரண்டரை.

செப்டம்பர் 19, வெள்ளி

மூன்று விரல்! “மூணு தரம்” என்று சமையலறையில் கத்திப் பார்த்தேன். குளித்துக்கொண்டிருந்த மனுஷன் சோப்போடு ஓடி வந்தார். நேரே மீசையிடம் போய் வாயைப் பிளந்து காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “சரி சரி, மூடு. நாளைக்கு நீயே ஏறு” என்றார்.

சைலன்ஸர் பக்கத்தில் நின்று ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

செப்டம்பர் 20, சனி

கூவினேன். மூச்சு வாங்கும்வரை கூவினேன். பெரிய படகுகளின் மீன், தரை தெரியாமல் குவியல். தாடை இழுத்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. ஹோட்டல்காரரிடம் இத்தனை நாள் கிண்டல் பாக்கியை வட்டியோடு தீர்த்தேன். கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நான் எவ்வளவு ஏங்கிப்போயிருக்கிறேன்!

முடிந்ததும் மீசை சைலன்ஸரைப் பார்த்து, “இனிமே நீ வழக்கம்போல ஐஸுக்குப் போம்மா” என்றார். அவள் “சரிங்க” என்றாள். பழைய சைலன்ஸர் குரல். சுத்தியலை எடுக்கக் குனிந்தாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இந்த மாதம் முழுக்க அதைத்தானே பழகினேன்.

“என்ன மீசை சார்,” என்றேன், “ஒரே வாயை நம்பி இவ்ளோ பெரிய கூடத்தை நடத்துவீங்களா? ஒரு பல்லுக்கே ஆட்டம் கண்டீங்களே, எனக்கு இன்னும் மூணு ஞானப்பல்லு பாக்கி இருக்கு.”

“அதுக்கு?”

“ஒரு நாள் நான், ஒரு நாள் அவ.”

“கூவின நாளுக்குத்தான் கூலி தெரியுமில்ல? உனக்குப் பாதியாயிடும்.”

“தெரியும்” என்றேன். வீட்டுக்காரர் லாரியிலிருந்து எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

“ஆனா பெரிய படகு வர்ற நாள்ல கூவினவதான் கூவணும்னு சட்டம் இருக்கே...” என்று இழுத்தார் மீசை.

“எழுதாத சட்டம்தானே சார், அழிக்கறதுக்கு ரப்பர்கூட வேணாம்.”

சைலன்ஸர் சுத்தியலைக் கையில் பிடித்தபடியே நின்றாள். ஐஸ் கரைந்து கொண்டிருந்தது.

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று அவள் முறை. வேலை எல்லாம் முடித்துவிட்டு வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காற்று இந்தப் பக்கம் அடித்தால் கூடத்துச் சத்தம் இங்கே வரை கேட்கிறது. இரண்டாவது குவியல் போயிற்று. மூன்றாவது போயிற்று. நாலாவதில் ஏதோ சொல்லிவிட்டாள், கூடம் முழுக்க ஒரே சிரிப்பு.

என்ன சொல்லியிருப்பாள்? என்னைப் பற்றித்தான் இருக்கும்.

செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.