இரண்டு வராகன் லாபம்

நான் எப்போது வருவேன் என்று கடலைப் பார்த்துக் கிடந்த என் நைனாவுக்கு,

படகை மீட்டுவிட்டேன். போன வாரம் அடகுக்காரரிடம் வராகனை எண்ணிக் கொடுத்துவிட்டு, கோட்டைக்குப்பத்துக் கரையில் நம் இடத்திலேயே கொண்டுவந்து கட்டினேன். அடிப்பலகை ஒன்று உளுத்திருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். பார்க்க நீதான் இல்லை.

கடல் தாண்டி, ஜாவாவின் பத்தாவியாவில் என் பிழைப்பு எப்படி என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. ஒல்லாந்தர் கிடங்கில் மூட்டை தூக்கினால் கூலி ஈயக்காசு. நடுவில் ஓட்டையுள்ள காசு, கயிற்றில் கோத்துத் தருவார்கள். அந்த ஊர்க் கடைத்தெருவைத் தாண்டினால் அது வலைக்குக் குண்டாகக் கட்டத்தான் ஆகும். அதனால் சாப்பாடு போக மிச்சத்தை வெள்ளி ரியாலாக மாற்றி இடுப்பில் முடிந்துகொள்வேன். ஊருக்குக் கிளம்பும்போது ரியாலை நம் ஊர்ப் பொன் வராகனாக்க வேண்டும். ஒவ்வொரு தரம் மாற்றும்போதும் கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சம்தான் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

போன வருஷம் கப்பலில் வந்த மரைக்காயர், நீ சொல்லியனுப்பியதை அப்படியே சொன்னார். "இருக்கிறது போதும்னு சொன்னாருப்பா உன் நைனா. இருமல் ஜாஸ்தியா இருக்குது. இந்தக் கப்பல்லயே வந்துடு."

படகை மீட்கும் அளவுக்கு அப்போதே என்னிடம் இருந்தது. ஆனால் வராகன் விலை ஏறியிருந்தது. அடுத்த வருஷம் இறங்கும், இரண்டு வராகன் கூடுதலாக நிற்கும் என்று கணக்குப் போட்டேன். கப்பல் போய்விட்டது.

கணக்குத் தப்பவில்லை நைனா. விலை இறங்கியது, இரண்டு வராகன் கூடவே கிடைத்தது. நான் வந்து இறங்கியபோது நீ போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

போன வருஷம் கப்பலில் இடமில்லை என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் அம்மா எனக்காகச் சண்டைக்குப் போகிறது. "எடம் குடுக்கலன்னா புள்ள இன்னா பண்ணும்? நீந்திக்கினா வருவான்?" என்கிறது. நேற்று சோறு போடும்போது சொன்னது: "உன் நைனாவும் கடைசிவரைக்கும் அதான் சொல்லிக்கினு இருந்தாரு. எடம் கெடச்சிருந்தா வந்திருப்பான்னு."

நீ நிஜமாகவே அப்படி நம்பினாயா? இல்லை, அம்மா மனசு கோணக்கூடாது என்று சொன்னாயா?

அந்த இரண்டு வராகனை இன்னும் நான் தொடவில்லை. இன்றைக்கு அதை அம்மா மடியில் வைத்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

கப்பலில் இடமிருந்தும் வராமல்போன
உன் மகன்