இடப்பக்கத் தையலைப் பிரித்தவள்

என் தங்கக்கட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முன்பாதி பொய்யாகிவிடும் என்பதால் பின்பாதியை மட்டும் வைத்துக்கொள், உன் நலமறிய ஆவல். வயிற்றில் இருப்பது நன்றாக உதைக்கிறதா, கால் வீக்கம் வடிந்ததா, மாப்பிள்ளை சமையலறைப் பக்கம் எட்டியாவது பார்க்கிறாரா? ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் பக்கம் பக்கமாக எழுதி, அதைப் படம் பிடித்து வேறு அனுப்புகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் என்றால் நாலு வம்பு பேசி, என்னிடம் தைக்கக் கொடுக்கும் தலைமையாசிரியைக்கு இடுப்பளவு கூடிய கதையை இழுத்து, சொல்ல வந்ததை மழுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. உட்கார்ந்துகொண்டு படி. எனக்கு இடது மார்பில் கட்டி, புற்றுநோய் என்று சோதனையில் வந்துவிட்டது.

எழுதிவிட்டேன், இனி மூச்சு விடலாம். இதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, என் ஊதா நிற உடுப்பு. என் அளவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தைக்கிறவள் நான், அன்றைக்குப் போட்டுப் பார்த்தால் இடது பக்கம் இழுக்கிறது. துணி சரியில்லை என்றேன், பிறகு கத்தரி மழுங்கிவிட்டது என்றேன், கடைசியில் இடப்பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் துணி விட்டுக்கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது, எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். அடுத்த உடுப்புக்கும் அதே வைத்தியம். தெருவில் இருக்கிற பெண்களுக்கெல்லாம் அளவு நாடா பிடித்து, யாருக்கு எங்கே கூடியது எங்கே குறைந்தது என்று உள்ளுக்குள் சிரிக்கிறவள், சொந்த உடம்பில் கூடியதைத் துணியில் சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறேன் பார். பழைய உடுப்பைப் போடமுடியாமல் நான் திணறுவதைப் பார்த்த உன் அப்பாதான், ஒரு பக்கம் மட்டும் யாராவது குண்டாவார்களா என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி.

அறுவை சிகிச்சை செய்கிற அம்மாள் என்னைவிட வாயாடி. எத்தனை பிள்ளை என்று கேட்டாள். ஒரு மகள், வெளிநாட்டில் இருக்கிறாள், அவளுக்கு முன்னால் ஒரு பையன் ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டான் என்றேன். எதற்குக் கேட்கிறீர்கள் என்றதும் ஆரம்பித்துவிட்டாள். வயிற்றில் இருக்கும்போதே பிள்ளையின் செல்கள் தாயின் இரத்தத்தில் கலந்துவிடுமாம், பிள்ளை வெளியே வந்த பிறகும் சிலது வருடக்கணக்காக உள்ளேயே தங்கிவிடுமாம். இந்த நோய் வந்தவர்களிடம் அவை குறைவாக இருந்ததாகச் சில ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்களாம், ஆகவே காவல் காக்கிறதோ என்று ஒரு யோசனை. வேறு சிலர் கட்டிக்குள்ளேயே பார்த்திருக்கிறார்களாம். அங்கே சண்டை போட வந்ததா, எதிரியோடு சேர்ந்துகொண்டதா, யாருக்கும் உறுதியாகத் தெரியாதாம். ஆண்பிள்ளையின் செல்லைத்தான் சுலபமாகக் கண்டுபிடிப்பார்களாம். அது எனக்கு உடனே புரிந்தது. பெண்கள் சட்டைக் குவியலில் ஒரு ஆண் சட்டை கிடந்தால் ஆணுக்கு வலப்பக்கம், பெண்ணுக்கு இடப்பக்கம் என்று பொத்தானை வைத்தே எடுத்துவிட மாட்டேனா?

அங்கேதான் என் புத்தி கழன்றது. அந்தப் பையன் முகத்தை எனக்குக் காட்டவில்லை, சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனுக்கு ஒரு சட்டைகூட நான் தைத்து வைக்கவில்லை, இன்னும் நாள் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். அப்படிப்பட்டவன் இத்தனை வருடமாக உள்ளே இருந்திருக்கிறான் என்றால்? காவல் காக்கப் போய் அந்தக் கட்டிக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தால்? போன வாரம் அறுவைக்கு என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். வெட்டினால் அவனும் குப்பையில்தானே போவான் என்று தோன்றியது, அவ்வளவுதான், இந்த ஆஸ்பத்திரி மேலங்கியைத் தைத்தவன் கைக்குழியை எங்கே வைத்திருக்கிறான் பாருங்கள் என்று நர்ஸிடம் சண்டை பிடித்துக்கொண்டே இறங்கி, அந்த அங்கியோடே நடந்து வாசலுக்கு வந்துவிட்டேன். முதுகுப் பக்கம் திறந்திருந்ததாம், உன் அப்பா தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தி வண்டியில் ஏற்றினார். ஒரு சொல் திட்டவில்லை. மறுநாள் அந்த அம்மாள் ஃபோனில், "அவன் அங்க மட்டும் இல்லம்மா, இருந்தா உடம்பு பூரா இருப்பான். நீங்க செத்துப்போனாதான் அவன் மொத்தமாப் போவான்" என்றாள். மறுபடி நாள் குறித்திருக்கிறாள், இந்த வியாழக்கிழமை. இதையும் விட்டால் கட்டி தனக்கு அடங்காது என்று சொல்லிவிட்டாள்.

அவள் சொல்வது மூளைக்குப் புரிகிறது, காலுக்குப் புரியவில்லையடி. ஆஸ்பத்திரி என்று நினைத்தாலே கால் திரும்பி வீட்டைப் பார்க்கிறது. உன் அப்பா கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுகிறார், குழாயைத் திறந்துவிட்டால் அழுகிற சத்தம் கேட்காது என்று நினைப்பு. பயமாக இருக்கிறது. சாகப் பயம், வெட்டப் பயம், அவனை இரண்டாம் தடவை தொலைக்கப் பயம், உன் பிள்ளையைத் தூக்காமல் போய்விடுவேனோ என்று எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். அந்தச் செல் கதையைக் கேட்டுவிட்டு, என்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனதோ என்று நீ ஒரு நிமிஷம்கூட நினைக்காதே, நினைத்தால் அங்கே வந்து உதைப்பேன். இந்த வயிற்றோடு நீ விமானம் ஏறவும் வேண்டாம். அந்த அம்மாள் கணக்குப்படி நீயும் கொஞ்சம் எனக்குள் இருக்கலாம். ராத்திரியெல்லாம் அவனிடமும் உன்னிடமும் போகட்டுமா வேண்டாமா என்று கேட்டுப் பார்த்துவிட்டேன், உள்ளே இருக்கிற நீங்கள் இரண்டு பேரும் அப்பா மாதிரி, வாயே திறப்பதில்லை. அதனால் வெளியே இருக்கிற நீ பேசு. வியாழக்கிழமை காலை நான் படியிறங்கும்போது கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏறுகிறவரை ஃபோனை வைக்காமல் திட்டு. சின்ன வயதில் நான் உன்னைத் திட்டியதையெல்லாம் திருப்பிக் கொடு. நான் ஜோக் அடித்தால் சிரித்துவிடாதே, சிரித்தாயோ தப்பித்துவிடுவேன்.

நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, நீயும் பிள்ளையும் மாப்பிள்ளையும் நூறு வயது இருக்க என் ஆசி. குழந்தைக்கு உடுப்பு வெட்டி வைத்திருக்கிறேன், பொத்தான் மட்டும் தைக்கவில்லை. எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு நானே தைக்க வேண்டும். ஒன்றை மறக்காதே. உன் உடுப்பு என்றைக்காவது ஒரு பக்கம் இழுத்தால் தையலைப் பிரிக்காதே, டாக்டரிடம் போ.

வியாழக்கிழமை காலையில் கூப்பிடு.

உன் திட்டுக்காகக் காத்திருக்கும்
அம்மா