கார்டுக்குத் தனியாக ஒரு ஒயர்

பிப்ரவரி 6, வியாழன்

பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்காக அக்கா பாடப்புத்தகங்களைப் படித்து ஒலிப்பதிவு செய்து தருகிறாள். அவள் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி துளைகள் போதவில்லை. ஹார்டு டிஸ்க்கை மாட்ட ஒவ்வொரு தடவையும் பிரிண்டரைக் கழற்ற வேண்டியிருக்கிறது.

"கூடுதல் துளை இருக்கிற கார்டு ஒண்ணை உள்ளே போட்டா போதுமாமே. பத்திரிகைக்காரன் நீ, நல்லா விசாரிச்சு வாங்கிட்டு வாடா" என்றாள்.

பிப்ரவரி 8, சனி

கடையில் இரண்டு வகை. ஒன்று வெறும் கார்டு. மற்றதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு சாக்கெட்.

"ஹார்டு டிஸ்க் மாட்டுவீங்கன்னா இதை எடுங்க சார். ஆனா பவர் சப்ளையிலேர்ந்து இதுக்குத் தனியா ஒயர் குடுக்கணும். காலி ஒயர் இருக்குல்ல?" என்றார் கடைக்காரர்.

"இருக்கு, இருக்கு" என்றேன். எதைக் கேட்கிறார் என்றே எனக்குத் தெரியாது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

நானே பொருத்தினேன். மைக்கை மாட்டிப் பார்த்தோம், வேலை செய்தது. "தம்பின்னா தம்பிதான்" என்றாள் அக்கா. சாக்கெட் காலியாக இருந்ததைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் மூடியைத் திருகினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

பாடங்களை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றும்போது பாதியில் இணைப்பு அறுந்துவிட்டது. அறிவியல் புத்தகம் முழுவதும் போயிற்று. திங்களன்று ஒப்படைக்க வேண்டும், பிள்ளைகளுக்குத் தேர்வு.

"நான்தான் கால்ல ஒயரை இடிச்சிருப்பேன்" என்றாள்.

அவள் கணவரான மாமா விடுவாரா? "உங்க அக்கா நடந்தா சுவத்துல காலண்டரே ஆடும் மச்சான். ஒயரு எம்மாத்திரம்?"

நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 14

சிரித்திருக்க வேண்டாம்.

பிப்ரவரி 15, சனி

போய்ப் பார்த்தேன். முதல் பாடத்திலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருக்கிறாள். குரல் கம்மிவிட்டது, பத்திக்கு ஒரு வாய் வெந்நீர். ஒயரில் பட்டுவிடக்கூடாதென்று இரண்டு கால்களையும் நாற்காலிமேல் மடக்கி வைத்திருந்தாள்.

ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். ஊரையெல்லாம் கேள்வி கேட்டே பிழைத்தவன் — அந்தக் கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை, "எந்த ஒயருங்க?"ன்னு கேட்க வாய் வரலை. இப்பவாவது சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன கேடு?

பிப்ரவரி 16, ஞாயிறு

சொன்னேன். மாமாவையும் உட்கார வைத்துத்தான்.

"நீ இடிக்கலைக்கா. கார்டுக்குக் குடுக்க வேண்டிய பவர் ஒயரை நான் குடுக்கவே இல்லை. கடைக்காரர் சொன்னதெல்லாம் எனக்குப் புரியலை. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்."

அக்கா மெல்லக் கால்களைக் கீழே இறக்கினாள். "கேட்டிருக்கலாமேடா" என்றாள். அவ்வளவுதான். மாமா வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்று பாதிப் புத்தகம்தான் கொடுக்க முடிந்ததாம்.

இன்று கம்ப்யூட்டரைத் திறந்தோம். கையை நீட்டினேன். "நீ டார்ச்சைப் பிடி" என்றாள் அக்கா. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் மளமளவென்று ஏதோ சொன்னார்.

"புரியலைங்க. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள், கம்மிய குரலில், கொஞ்சமும் கூசாமல்.

அவர் மறுபடி, நிதானமாகச் சொன்னார். நான் வெளிச்சத்தை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.