மை வைக்காத மூன்று முயல்கள்

ஈசுவர வருஷம், மாசி 4

காலையில் பனி. ஏரி மதகடியில் வல்லாரை ஒரு கூடை பறித்தேன். அதியமான்கோட்டையிலிருந்து தர்மபுரி டாக்டர் வீட்டுக்கு நடை. இடுப்பு வலி.

அவர் கொட்டகையில் ஆறு முயல். மூன்றுக்குக் காதில் சிவப்பு மை. மை வைத்தவற்றுக்குத் தினம் வல்லாரைச் சத்து, மற்ற மூன்றுக்கு வெறும் தண்ணீர். எட்டாம் தேதி ஆறுக்கும் சூடம் கரைத்த எண்ணெய் ஊசி. அது வலிப்பை வரவழைக்குமாம். சாமிக்குக் காட்டுகிற சூடம்! எது விழுகிறது, எது விழவில்லை என்று பார்த்த பிறகுதான் என் பேத்தி செல்லிக்கு மருந்து.

அவளுக்கு நேற்றும் வலிப்பு வந்தது, அடுப்படியில். முழங்கை வெந்துவிட்டது. நான் அரைத்துக் கொடுக்கும் வல்லாரைப் பச்சிலை பாதிதான் கேட்கிறது. டாக்டர் அதையே சாராயத்தில் ஊறவைத்து வற்றக் காய்ச்சுகிறார்.

மாசி 6

வெயில். கூண்டு கழுவினேன். தீனியும் நான்தான். எல்லாவற்றுக்கும் அருகம்புல்.

கம்பவுண்டர்: "என்ன ஆயா, உன் கீரைக்கு முயலாவது மசியுதான்னு பாக்கலாம்."

ஐந்து வருஷத்துக்கு முன் மாரியம்மன் திருவிழாவில் செல்லி விழுந்தபோது, "பேய் புடிச்ச புள்ள, தள்ளி நில்லுங்க" என்று கத்தியவன் இவன்தான். அன்று பச்சைச் சட்டை. மூன்றாவது பித்தான் இல்லை. மறப்பேனா.

மை இல்லாத வெள்ளைக் குட்டி விரலை நக்கியது. பந்தியில் ஒரு வரிசைக்குப் பரிமாறி எதிர்வரிசையை விடுவதா? மடியில் இருந்த வல்லாரையை அந்த மூன்றுக்கும் போட்டேன். நேற்றும் போட்டேன்.

மாசி 8

ஊசி போட்டார்கள். ஆறில் ஒன்றும் விழவில்லை. நான் சிரித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை.

"வெறும் தண்ணி குடிச்ச மூணும் விழலையே ஆயா. அப்ப மருந்துதான் காப்பாத்துச்சுன்னு எப்படிச் சொல்றது? சூடமே பழசோ என்னவோ. நிறுத்திடலாம்."

கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வல்லாரை போட்டதை அவன் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

மாசி 9

செல்லி கிணற்றுப்படியில் விழுந்தாள். பக்கத்து வூட்டுக்காரி முடியைப் பிடித்து இழுத்தாள். இல்லாவிட்டால் தண்ணீருக்குள்.

உடனே தர்மபுரிக்கு நடந்தேன். கம்பவுண்டரும் இருந்தான். இருக்கட்டும்.

"அந்த மூணுக்கும் பச்சிலையை நாந்தான் போட்டேனுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் ஆயா?"

"பாவமா இருந்துச்சுங்க."

"அடடா, கெடுத்துட்டீங்களே ஆயா!" என்றான் கம்பவுண்டர். இன்றைக்குத்தான் 'ங்க' போட்டான். அதையும் எழுதி வைக்கிறேன்.

பத்து நாள் கழித்து மறுபடியும் ஊசி. அதுவரை மை இல்லாதவற்றுக்குப் புல் மட்டும். தீனி வைக்க வேறு ஆள் இல்லை. "இனிமே போட மாட்டீங்கல்ல?" என்றார் டாக்டர். தலையாட்டினேன்.

மாசி 20

மேகமூட்டம். ஊசி. நானும் நின்றேன்.

மை வைத்ததில் இரண்டு புல் தின்றுகொண்டே இருந்தன. ஒன்று சாய்ந்து எழுந்தது. மை இல்லாத மூன்றும் விழுந்தன. செல்லி உதைப்பது போலவே உதைத்தன.

டாக்டர் சின்ன பாட்டிலில் செல்லி பெயரெழுதிச் சீட்டு ஒட்டினார். "நாளைக்குக் காலையில மூணு சொட்டு. நானே வந்து பக்கத்துல இருக்கேன் ஆயா."

வெள்ளைக் குட்டி எழுந்திருக்கவில்லை.

பத்து நாளும் மடியில் வல்லாரை இருந்தது. போடவில்லை.