சம்பந்தியை முந்திய காலை

சம்பந்தி,

முழங்காலில் தேய்த்த கற்பூர எண்ணெய் வாசம் இன்னும் விரலில் இருக்கிறது. இந்தத் தாளிலும் ஏறிவிட்டது. நீங்களும் தேய்த்துக்கொண்ட எண்ணெய்தானே, அந்த வாசம் வந்தால் நீங்களும் வந்துவிடுகிறீர்கள். நீங்கள் போன பிறகுதான் எழுதக் கற்றேன். ஒவ்வொரு எழுத்தாக, மெல்லத்தான் வரும். உங்களுக்குத்தான் அவசரம் இல்லையே.

என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்துவிட்டு, நானும் உங்கள் குப்பத்துக்கே வந்து சேர்ந்த வருடம் அது. பொன்னேரி டாக்டர் இருவருக்கும் சர்க்கரை என்றார், தினமும் நடக்கச் சொன்னார். "நடந்தா நேரமாவும் சம்பந்தி, ஓடிட்டு வந்துரலாம்" என்றீர்கள். கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு நீலப் படகை எல்லையாக வைத்துக்கொண்டோம். அதைத் தொட்டுத் திரும்புவதற்குள் மூச்சு போய்விடும்.

ஒருநாள் பனிமூட்டத்தில் ஓடுகிறோம், ஓடுகிறோம், படகு வரவே இல்லை. சவுக்குத் தோப்பே வந்துவிட்டது. படகு விடியுமுன்பே மீன்பிடிக்கப் போயிருக்கிறது. "எல்லையே கடலுக்குப் போயிடுச்சுய்யா!" என்று மணலில் உட்கார்ந்து சிரித்தீர்கள். அன்றுதான் நமக்கு அந்த ஆசை பிறந்தது: தோப்பையும் தாண்டி, நிற்காமல் லைட்ஹவுஸ் வரை ஓட வேண்டும்.

ஆனால் எப்போதும் தோப்போடு நின்றுபோனோம். ஒரு காலை திரும்பி வரும்போது ஈர மணலில் நம் தடங்களைப் பார்த்தீர்கள். உங்களுடையது எட்டி எட்டி விழுந்திருந்தது. என்னுடையது பின்னாலேயே, குட்டை குட்டையாக.

"இன்னாய்யா இது, உள்ளான் குருவி மாதிரி தத்திக்கினு வந்துருக்க?"

"பொண்ணு குடுத்தவன் நானு. உங்கள தாண்டி எப்பிடி ஓடறது?"

"பொண்ணோட சேத்து காலையும் குடுத்துட்டியா?"

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "என்னால லைட்ஹவுஸ் வரிக்கும் முடியாது சம்பந்தி. உன்னால முடியும். கல்யாண வூட்ல பின்னால வா. இங்க முன்னால போ" என்றீர்கள். மறுநாளும் நான் பின்னால்தான் ஓடினேன்.

போன ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் என் கால் குட்டையாகத்தான் விழுந்தது. பனிக்குள் உங்கள் முதுகும் தோளில் ஆடும் துண்டும் தெரிந்துகொண்டே இருந்தன. தோப்பு வந்தால் நீங்கள் நிற்பீர்கள். நானும் நின்றுவிடுவேன்.

இன்று காலை தண்ணீரும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. எங்கே கரை முடிகிறது என்றே தெரியவில்லை. தோப்பு வந்தது. வழக்கம்போல இடுப்பில் கை வைத்து நின்றீர்கள். நான் நிற்கவில்லை. பக்கத்தில் வந்தபோது "போயிட்டு வரேன் சம்பந்தி" என்று வாய்விட்டுச் சொன்னேன். தாண்டினேன். கால் தானாக நீண்டது! இத்தனை நாள் இந்தக் கால் எங்கே இருந்தது? லைட்ஹவுஸ் சுவரைத் தொட்டபோது ஜில்லென்று இருந்தது. அதில் சாய்ந்துகொண்டு, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்றுகூட யோசிக்காமல் சிரித்தேன்.

திரும்பும்போது பின்னால் உங்கள் காலடிச் சத்தம் கேட்டது. அலையாகவும் இருக்கலாம். வீடு வரைக்கும் கூடவே வந்தது. நாளைக்கும் அதைக் கேட்டுக்கொண்டேதான் ஓடப்போகிறேன். திரும்பி மட்டும் பார்க்கமாட்டேன் சம்பந்தி. பார்த்தால் மறுபடி மரியாதை வந்துவிடும்.